பால்கனிக்கு ஸ்லைடிங் கண்ணாடி: இரண்டு மழைக்காலம் போனபிறகு சத்தம் ஏன் திரும்ப வருகிறது?

சென்னையில் நூறடி ரோடு, ஜி.எஸ்.டி. ரோடு, ஓ.எம்.ஆர். பக்கம் ரோட்டைப் பார்த்த ஃப்ளாட் என்றால் பால்கனியை ஸ்லைடிங் கண்ணாடி போட்டு மூடிவிடுகிறார்கள். போட்ட புதிதில் எல்லோருக்கும் திருப்திதான். இரண்டு மழைக்காலம் போனதும் "முன்ன மாதிரி இல்லையே, ஹாரன் கேக்குதே" என்ற பேச்சு வரும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஷட்டர், அதாவது நகரும் கண்ணாடிக் கதவின் ஓரத்தில் இடுக்கை அடைக்க ஓடும் நார்ப் பட்டையான பிரஷ் தேய்ந்து படிந்திருக்கும்.

மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எவ்வளவு கனமான கண்ணாடி போட்டாலும் 20 டெசிபெல் அளவுக்குத்தான் தடுக்கும். 10 அடி அகலம், 6 அடி உயரத்தில் மூன்று ஷட்டர் அடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச் சட்டத்திலும், ஷட்டர்கள் ஒன்றை ஒன்று தாண்டும் இடமான இன்டர்லாக் இரண்டிலும் 4 மில்லிமீட்டர் இடுக்கு ஓடினாலே அந்த ஒரு பங்கு வந்துவிடும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே, நடுவில் பிளாஸ்டிக் இதழ் வைத்த பிரஷ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வெறும் நார் பிரஷ் காற்றையும் சத்தத்தையும் விடும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. இன்டர்லாக்கின் மேல் முனையிலும் கீழ் முனையிலும், ட்ராக்குக்கு நடுவில் விரல் நுழையும் ஓட்டை இருக்கும். காற்றடிக்கும் இரவில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஓர் ஊதுபத்தியை அங்கே பிடியுங்கள். நேராக எழும் புகை அந்த இடத்தில் சட்டென்று உள்பக்கம் வளையும். அதை அடைக்க டஸ்ட் ப்ளாக் என்று சின்ன ரப்பர் கட்டை வருகிறது. பொருத்துகிறவர்கள் பல நேரம் போடாமலே போய்விடுகிறார்கள். நின்று கேட்டுப் போடவையுங்கள்.

கண்ணாடியில், சூடேற்றி வலுவாக்கிய 6 மில்லிமீட்டர் டஃபன்டைவிட, 3 மில்லிமீட்டர் தாள் இரண்டின் நடுவே படலம் வைத்த லேமினேட்டட் நல்லது. ஒற்றைத் தாள் 6 மில்லிமீட்டர் கண்ணாடி 2000 ஹெர்ட்ஸ் வாக்கில் தானே அதிர்ந்து சத்தத்தை உள்ளே விடும். ஹாரனின் கூர்மை அந்தப் பக்கம்தான். நடுப் படலம் அந்த அதிர்வை அமுக்கும். எடையையும் கணக்குப் பண்ணுங்கள். சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் ஷட்டரில் கண்ணாடி மட்டுமே 27 கிலோ. ஒற்றை நைலான் வீல் அதற்குத் தாங்காது, பேரிங் வைத்த இரட்டை ரோலர் வேண்டும். ரோலர் இறங்கினால் ஷட்டர் சாய்ந்து, மேல் மூலையில் இடுக்கு விடும். ஷட்டரின் பக்கவாட்டில், அடியில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நேராக்கலாம்.

சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஃபோம் மட்டும் அடித்துவிட்டுப் போனால் சத்தம் அதன் வழியே வரும். பெரிய இடைவெளியைச் சிமென்ட் கலவையால் நிரப்பி, இரண்டு பக்கமும் நியூட்ரல் சிலிக்கான் பசை இழுக்க வேண்டும். வினிகர் வாடை வரும் சிலிக்கான் சிமென்ட்டில் சரியாக ஒட்டாது, கொஞ்ச நாளில் உரியும்.

கீழ் ட்ராக்கில் இருக்கும் வடிகால் துளையைச் சத்தத்துக்குப் பயந்து அடைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் ட்ராக் நிரம்பி ஹாலுக்குள் தண்ணீர் வரும். வெளிப்பக்கம் திறக்கும் மடல் மூடி போட்டால் போதும். செப்டம்பர் கடைசியில் பழைய பல் பிரஷால் தூசியையும் புறா இறகையும் எடுத்துவிட்டு, ஒரு மக் தண்ணீர் ஊற்றி வெளியே வடிகிறதா பாருங்கள். ட்ராக்கில் எண்ணெய், கிரீஸ் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

ஹால் கதவைக் கழற்றிவிட்டு பால்கனியை ஹாலோடு சேர்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய கதவு அப்படியே இருந்து, அதையும் சாத்தினால், நடுவில் நான்கடி காற்றுவெளியோடு இரண்டு தடுப்பு கிடைக்கும். கண்ணாடிக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைவிட இதில் பலன் அதிகம். அப்போதும் நின்று உறுமும் பஸ், லாரியின் கனத்த சத்தம் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் பால்கனியில் இருந்தால் முதலில் அதை வெளியே மாற்றுங்கள். மூடிய இடத்தில் சூடு ஏறி கம்ப்ரஸர் நின்றுவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். உயரமான மாடியில் யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் போட்டால், காற்றின் அழுத்தத்தைத் தாங்க இன்டர்லாக்குக்குள் ஸ்டீல் செக்‌ஷன் இருக்கிறதா என்று பார்த்தே பணம் கொடுங்கள். இந்தியத் தரநிலையில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர்.

பிரஷ் மாற்றப் பெரிய செலவில்லை. பழையதில் இரண்டங்குலம் வெட்டி, அலுமினியம் செக்‌ஷன் விற்கும் கடையில் அடிப்பட்டையின் அகலமும் நாரின் உயரமும் ஒத்துப்பார்த்து வாங்குங்கள். செருகும்போது இழுக்காதீர்கள், சில வாரத்தில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். முனையில் 5 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.