ஹார்ஸ்ராடிஷ் ஆன்லைன்ல வாங்கறீங்களா, ஜாரோட பின்பக்கத்த பாக்காம காசு கட்டாதீங்க

கிறிஸ்துமஸுக்கு பீஃப் ரோஸ்ட் பண்ற ஐடியால இருக்கவங்க இத படிச்சுட்டு அப்புறமா ஆர்டர் போடுங்க மக்களே. ஹார்ஸ்ராடிஷ்னா ரோஸ்டோட தொட்டுக்கறதுக்கு அரைச்சு வெக்கற, கடுகு மாதிரி மூக்குல ஏறுற ஒரு வேர். போன வருஷம் 3 ஜாருக்கு 42 டாலர் கொடுத்து ஏமாந்தேன், இன்னும் ஆத்திரம் அடங்கல.

நாங்க அமெரிக்கால செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கோம். பக்கத்து வீட்டு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் ரெண்டு வருஷமா எங்களுக்கு கிறிஸ்துமஸ் சாப்பாடு போட்டவங்க, அதனால இந்த தடவ எங்க வீட்டுக்கு வாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். பெரியவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஹார்ஸ்ராடிஷ் நல்லா மூக்குல ஏறணும்மா, கண்ணுல தண்ணி வரணும்னார். எங்களுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இல்லினாய்ல காலின்ஸ்வில் இருக்கு, ஹார்ஸ்ராடிஷ்னாலே அந்த ஊர்தான், வருஷா வருஷம் ஜூன்ல அதுக்குன்னே திருவிழா நடக்கும். ஆன்லைன்ல ஒரு கடைல அந்த ஊர் பேர போட்டு "எக்ஸ்ட்ரா ஹாட், ஃப்ரெஷ்ஷா அரைச்சது"ன்னு பாத்ததும் நம்பி வாங்கிட்டேன்.

23ஆம் தேதி சாயங்காலம் பார்சல் வந்துச்சு. நல்ல ஹார்ஸ்ராடிஷ்னா வெள்ளையா இருக்கணும், இது பழுப்பா கெடக்கு. பின்னாடி படிச்சா மொதல்ல சோயாபீன் எண்ணெய், அடுத்து தண்ணி, கார்ன் சிரப், முட்டை, அதுக்கும் கீழதான் ஹார்ஸ்ராடிஷ். இதுக்கு பேரு சாஸ். நான் கேட்டது ப்ரிபேர்டு, அதுல அரைச்ச வேர், வினிகர், உப்பு, இதுக்கு மேல பெருசா ஒண்ணும் வேண்டியதில்ல. தேதி இருக்க எடத்துல ஒரு ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலா ஒட்டியிருந்துச்சு, நகத்தால உரிச்சு பாத்தா அடியில இருந்த தேதி முடிஞ்சு 9 மாசம் ஆயிருக்கு!! வாயில வெச்சா இனிப்பும் புளிப்பும்தான், காரம் துளி கூட இல்ல.

கடைக்காரங்கள கேட்டா சாப்பாட்டு பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம், ஃபோட்டோ எல்லாம் அனுப்புன பிறகு 10 பர்சன்ட் கூப்பன் தரேன்னாங்க. கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போட்டேன், அவங்க நான் வாங்குன வெப் பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட் கேட்டாங்க, என்கிட்ட இல்ல, திரும்ப போய் பாத்தா அதுக்குள்ள கடைக்காரங்க அங்க "சாஸ்"னு மாத்தி வெச்சிருக்காங்க. காசு வரவே இல்ல. நீங்க வாங்கும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, தயவுசெஞ்சு.

பார்சல் வந்த மறுநாள் காலைல சூப்பர் மார்க்கெட்ல காய்கறி பக்கம் போய் வேராவே வாங்கிட்டு வந்தேன். முழுசா மோந்து பாத்தா ஒரு வாசமும் வராது, அரைக்கும்போதுதான் உள்ள இருக்க சினிக்ரின்ங்கற பொருளும் ஒரு என்சைமும் கலந்து அந்த காரம் பொறக்குது, கடுகு அரைச்சா மூக்குல ஏறுமே அதே காரம்தான். வினிகர் ஊத்துன உடனே அந்த வேலை நின்னுடும், அதனால அரைச்சு ஒரு 3 நிமிஷம் விட்டு ஊத்துனா நல்ல காரம், உடனே ஊத்துனா சாதுவாயிடும். தோல சீவிட்டு சின்ன சின்னதா வெட்டி கொஞ்சம் தண்ணி விட்டு மிக்ஸில அடிங்க, ஜன்னல எல்லாம் திறந்து வெச்சுக்கோங்க, மூடிய திறக்கும்போது முகத்த கிட்ட கொண்டு போயிடாதீங்க, நிஜமாவே மூச்சு முட்டும். மிளகாய்த்தூள் மாதிரி மாசக்கணக்குல இதுல காரம் நிக்காது, பறந்து போயிட்டே இருக்கும், கடைல வாங்குனாலும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கறதா, தேதி புதுசா இருக்கறதா பாத்து எடுங்க.

பெரியவர் ஒரு வாய் வெச்சுட்டு கண்ண மூடி அப்படியே உக்காந்துட்டார், அப்புறம் கண்ண தொடச்சுட்டு இன்னும் கொஞ்சம் போடும்மான்னு தட்ட நீட்டினார்.

நேத்து தேடிப் பாத்தேன், அதே ஜார் இப்ப வேற கடை பேர்ல 16 டாலருக்கு ஓடிட்டு இருக்கு, முன்பக்க படம் மட்டும்தான் போட்டிருக்காங்க.