ஃபோனிலா, சுவரிலா?

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் ‘எரேசர்ஹெட்’ (1977) படத்தை நான் இரண்டு விதமாகப் பார்த்துவிட்டேன். முதல் தடவை நாகர்கோவில் வீட்டில், ராத்திரி, ஃபோனில். கறுப்பு வெள்ளைப் படம், நிறைய இருட்டு. அந்த இருட்டில் என் முகம்தான் தெரிந்தது. புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம், அது ஒன்றுதான் வசதி. ஆனால் கனவு மாதிரி ஓடுகிற படம் இது; நிறுத்த நிறுத்தக் கனவு கலைந்துவிடுகிறது.

அப்புறம் தக்கலையில் நண்பன் வீட்டு மாடி. சுவரில் புரொஜெக்டர், தரையில் பெரிய ஸ்பீக்கர், வெளியே ஐப்பசி மழை. இந்தப் படத்தில் எங்கோ எந்திரம் உறுமுவது போல ஒரு அடிச்சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோனில் அது எனக்குக் கேட்கவே இல்லை. இங்கே ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த கட்டன் சாயா தம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. படத்தில் வரும் அந்த விசித்திரக் குழந்தை அழ ஆரம்பித்ததும், மரச்சீனிக் கிழங்கை எடுத்த என் கை அப்படியே நின்றது. “சத்தத்தைக் குறைச்சிராத மக்கா” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

கதை புரிந்ததா? முழுசாக இல்லை. ஆனால் 89 நிமிடமும் படத்துக்கு உள்ளேயே இருந்தேன். இந்த மாதிரிப் படத்துக்குச் சத்தம்தான் பாதி உயிர். புரொஜெக்டர் கிடைக்கவில்லையா, சரி, விளக்கை அணைத்துவிட்டு லேப்டாப்பில் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிப் பாருங்கள்.