சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாழடைந்த வீடு: பைலாவா, வரியா, வாரிசா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணத்துக்குப் போனாலும் காரியத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். பக்கத்து வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. செம்புக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரவானால் வூங்கா என்ற போதைப்பொருளைப் புகைக்கிற பையன்கள் சுவரேறிக் குதிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மாமா ஒருவர் கட்டாயம் சொல்வார்: "கார்ப்பரேஷன் அதை எடுத்து யாருக்காவது கொடுத்தால் என்ன?"

அவ்வளவு லேசாக எடுத்துவிட முடியாது. ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு. பைலா என்னும் மாநகராட்சி விதியைக் காட்டி உரிமையாளரை நெருக்கலாம். வரிப் பாக்கியைக் காட்டி நெருக்கலாம். இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் சொத்தை வாரிசுகள் பெயருக்குக் கொண்டுவரலாம். இதில் எது பலிக்கும் என்பது வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நகர மையத்தை ஒட்டிய ஆல்பர்ட் பார்க் அடுக்குமாடிக்குச் சரிப்படும் மருந்து, இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தின் இரட்டை வீட்டுக்குச் சரிப்படாது. நம்மவர்கள் வீடுகளைப் பொறுத்தவரை என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் ஊர் முழுக்கப் பேசுவது முதலாவதைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பைலா

டர்பனை நிர்வகிக்கும் இத்தெக்வினி மாநகராட்சி 2015ல் 'பிராப்ளம் பில்டிங்' பைலாவைக் கொண்டுவந்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் 2014ஆம் ஆண்டின் பைலா இருக்கிறது. கேப் டவுன் 2010லேயே ஒன்று வைத்திருந்து, 2020ல் அதைப் புதிதாக எழுதிக்கொண்டது. மூன்றின் சாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உரிமையாளர் கைவிட்டதுபோல் தெரிகிற கட்டடம், இடிந்து விழும் நிலையில் இருப்பது, குப்பை மேடாகிப்போனது, அளவுக்கு மீறி ஆட்களை அடைத்தது, சட்டவிரோத வேலைகள் நடக்கும் இடம், பாதியில் நின்ற கட்டுமானம் என எல்லாமே இதற்குள் வந்துவிடும். அதிகாரி வந்து பார்த்து, உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் தரப்பைக் கேட்டு, பிறகு 'பிராப்ளம் பில்டிங்' என்று அறிவிப்பார். இத்தனை நாளுக்குள் இன்னின்னதைச் சரிசெய் என்று உத்தரவு போகும். செய்யாவிட்டால் மாநகராட்சியே செய்து செலவை உரிமையாளர் தலையில் கட்டலாம்.

மூன்று ஊர்களில் கேப் டவுன் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. அறிவிக்கப்பட்ட கட்டடத்துக்கு மாதாமாதம் ஒரு தனிக் கட்டணத்தை முனிசிபல் பில்லிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அபராதம் கேட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கட்டடம் சரியாகும்வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா பூட்டி வைத்துவிட்டு நிலத்தின் விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் முதலாளிக்கு இது உறைக்கும்.

டர்பனில் பைலா பலிக்கக்கூடிய இடங்கள் பாயின்ட், சவுத் பீச், ஆல்பர்ட் பார்க் பக்கம். அங்கே கட்டடத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கம்பெனியோ டிரஸ்ட்டோ இருக்கும். வாடகை வாங்க யாராவது வந்து போவார்கள். நோட்டீஸைக் கொடுக்க ஒரு கை இருக்கும். சாட்ஸ்வொர்த்தில் அந்த நோட்டீஸ் யாருக்குப் போகிறது? பத்திரத்தில் உள்ள பெயருக்கு. அந்தப் பெயருக்குரியவர் கிளேர் எஸ்டேட் மயானத்தில் எரியூட்டப்பட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். இறந்தவருக்குக் கடிதம் எழுதுவதில் எந்த பைலாவுக்கும் சாமர்த்தியம் போதாது.

அதற்காகப் புகாரே கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன வேலைகளுக்கு இதுதான் வழி. புல்லை வெட்டு, உடைந்த குழாயில் ஒழுகும் தண்ணீரை நிறுத்து, கதவையும் ஜன்னலையும் பலகை அடித்து மூடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, போட்டோவோடு எழுதிக் கொடுத்து, ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி, அதை வார்டு கவுன்சிலருக்கும் அனுப்பிவிடுங்கள். "வீடு மோசமாக இருக்கிறது" என்று மொட்டையாக எழுதினால் எந்தப் பிரிவின் மேசையிலும் அது நிற்காது.

உள்ளே ஆள் இருந்தால்

காலி வீடும் ஆள் புகுந்த வீடும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு, கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அதை நடைமுறைப்படுத்த 1998ல் வந்த சட்டத்தைத்தான் இங்கே எல்லோரும் 'பை ஆக்ட்' என்கிறார்கள். புகுந்தவர் ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டால், அவர் போக வேறு இடம் உண்டா என்பதையும் நீதிபதி பார்த்தாக வேண்டும்.

இந்த விஷயத்தில் நாடு பாடம் படித்தது ஜோஹன்னஸ்பர்க்கில். ஒலிவியா ரோடு வழக்கில் 2008ல் அரசியல் சாசன நீதிமன்றம், கட்டடம் ஆபத்தானது என்று சொல்லி ஆட்களைக் கிளப்புவதற்கு முன் மாநகராட்சி அவர்களோடு உட்கார்ந்து உருப்படியாகப் பேச வேண்டும் என்றது. 2011ல் புளூ மூன்லைட் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. தனியார் உரிமையாளர் வெளியேற்றினாலும், வீடற்றுப் போகிறவர்களுக்குத் தற்காலிக இடம் தேடித் தருவது மாநகராட்சியின் பொறுப்பு. இது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தற்காலிக இடங்களைப் போதுமான அளவுக்குக் கட்டவில்லை. அதனால் பைலா ஒரு பக்கம் நிற்கிறது, கட்டடம் ஒரு பக்கம் நிற்கிறது.

2023 ஆகஸ்ட் 31 அதிகாலையில் ஜோஹன்னஸ்பர்க் ஆல்பர்ட் தெருவில் உசிண்டிசோ கட்டடம் எரிந்து 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ்களை வழங்கிய அலுவலகம் அது. பின்னாளில் பெண்களுக்கான தங்குமிடம். கடைசியில் யார் யாரோ வாடகை வசூலித்த ஹைஜாக் கட்டடம். உரிமையாளர் யார் என்றால் ஜோஹன்னஸ்பர்க் மாநகராட்சியேதான். நீதிபதி சிசி காம்பெபே தலைமையிலான விசாரணைக் குழுவும் பொறுப்பை மாநகராட்சியின் பக்கமே காட்டியது. பைலாவை அமல்படுத்த வேண்டியவரே பைலாவை மீறினால் நோட்டீஸ் யாருக்குப் போகும் என்ற கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

அதனால் பக்கத்து வீடு இன்னும் காலியாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஆள் புகாமல் மூடிவைப்பதுதான் அவசரம்.

ரேட்ஸ்

அடுத்தது பணத்தால் நெருக்குவது. 2004ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டப்படி, சொத்தை வகைவகையாகப் பிரித்து வெவ்வேறு விகிதத்தில் ரேட்ஸ் என்னும் சொத்து வரியைப் போடலாம். டர்பனில் காலி மனைக்குக் குடியிருப்பைவிட விகிதம் அதிகம். மனையைச் சும்மா போட்டு வைக்காதே என்பதுதான் அதன் அர்த்தம். உயிரோடு இருந்து கணக்குப் போடுகிற உரிமையாளரிடம் இது வேலை செய்யும். டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள கிளேர்வுட்டைப் பாருங்கள். 1950களில் தொழிற்சாலைப் பகுதி என்று கோடு போட்டதிலிருந்து அங்கே குடும்பங்கள் வீட்டுக்காகப் போராடியிருக்கிறார்கள். முருகன் கோயில் இன்னும் நிற்கிறது. ஆனால் சுற்றிலும் பல வீடுகள் லாரி நிறுத்துமிடமாகிவிட்டன. அங்கே வீட்டைப் பாழாக விடுகிற பலர் துறைமுக விரிவாக்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் கணக்கை மாற்ற ரேட்ஸ் போதும்.

பாக்கி ஏறினால் மாநகராட்சி வழக்குப் போட்டு, ஷெரிஃப் மூலம் ஏலம் விடலாம். ரேட்ஸ் பாக்கிக்கு காலாவதி 30 வருடம். தண்ணீர், மின்சாரப் பாக்கிக்கு 3 வருடம்தான். பல குடும்பங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு "பழைய பாக்கி எல்லாம் போய்விடும்" என்று நம்பியிருக்கின்றன. ரேட்ஸ் போகாது. வாடகைக்கு விட்ட கட்டடமானால், உரிமையாளருக்குச் சேர வேண்டிய வாடகையிலிருந்தே பாக்கியைப் பிடிக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. இந்த ஆயுதத்தை அதிகம் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு இதிலும் அதே முட்டுக்கட்டை. இறந்தவர் எந்த பில்லுக்கும் பயப்பட மாட்டார். ஏலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானாலும் சொத்துக்கு ஒரு சட்டப் பிரதிநிதி வேண்டும்.

இடையில் இரண்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன். உம்லாங்கா, ஃபுளோரிடா ரோடு மாதிரி சிறப்பு வரிப் பகுதி அமைத்துக் கூடுதல் ரேட்ஸ் கட்டி, தனிக் காவலும் துப்புரவும் வைத்துக்கொள்ளலாம். கட்டப்போகிறவர்களில் பெரும்பான்மையின் சம்மதம் வேண்டும். பென்ஷனில் ஓடும் தெருவில் அது நடக்காது. இன்னொன்று, 2025 ஜனவரியில் ஜனாதிபதி கையெழுத்திட்ட நிலக் கையகப்படுத்தல் சட்டம். தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடிந்தும் உரிமையாளர் கைவிட்ட நிலத்துக்கு இழப்பீடே இல்லாமல் போகலாம் என்று அதில் ஒரு வரி உண்டு. வாட்ஸ்அப்பில் அதை வைத்து ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். ஒரு சாட்ஸ்வொர்த் வீட்டுக்காக அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை.

தாத்தா பெயரில் இருக்கும் வீடு

இனவாரியாக வசிப்பிடத்தைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கிளப்பப்பட்டவர்களுக்காக 1960களில் சாட்ஸ்வொர்த் எழுந்தது. ஒரே நடுச்சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகள், பலவற்றுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதனால் அடுத்த பாதி பாழானால் அது உங்கள் பிரச்சினையாகவும் ஆகிறது. அவர்கள் பக்கம் கூரை போனால் மழைத் தண்ணீர் உங்கள் படுக்கையறைச் சுவரில் இறங்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நீங்களே ஏறிக் கழற்றவும் கூடாது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி முழுக் கூரையைக் கழற்றுவது பதிவுபெற்ற ஒப்பந்ததாரரின் வேலை.

இந்த வீடுகள் ஏன் அநாதையாகின்றன? தாத்தா இறந்தார். பாட்டி கடைசிவரை அங்கேயே இருந்தார். எஸ்டேட்டை, அதாவது அவர் விட்டுப்போன சொத்தின் கணக்கை, யாரும் தொடவில்லை. பிள்ளைகளில் ஒருவர் ஜோஹன்னஸ்பர்க்கில், ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவருக்கும் மற்றவருக்கும் பேச்சு இல்லை. இறப்பை 14 நாளுக்குள், இறந்தவர்களின் சொத்துகளைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அது நடக்காமல் போன குடும்பம் எத்தனையோ.

மருந்தும் அங்கேயே இருக்கிறது. முதலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள டீட்ஸ் என்னும் சொத்துப் பத்திரப் பதிவேட்டில் வீடு யார் பெயரில் என்று பாருங்கள். சின்னக் கட்டணத்தில் யாரும் பார்க்கலாம். குடும்பத்தில் ஒருவர் டர்பன் மாஸ்டர் அலுவலகத்தில் எஸ்டேட்டைத் திறக்க வேண்டும். மொத்த மதிப்பு 250,000 ராண்டுக்கு மேல் போகாவிட்டால் எளிய அதிகாரக் கடிதம் போதும். அதைத் தாண்டினால் எஸ்டேட்டைத் தீர்த்து முடிக்கும் எக்ஸிக்யூட்டர் வேண்டும், அவருக்குச் சட்டப்படியான கூலி சொத்தின் மதிப்பில் 3.5 சதவீதம். வாரிசுக்கு மாற்றும்போது டிரான்ஸ்ஃபர் வரி இல்லை. யாருக்கு வீடு, யாருக்குப் பணம் என்று வாரிசுகள் தங்களுக்குள் எழுதிப் பிரித்துக்கொள்ளவும் இடம் உண்டு.

நம்மவர்களிடம் ஒரு பழைய பயம்: "பாட்டி கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு பண்ணவில்லை, அவருக்குப் பங்கு வராது." உயில் இல்லாத சொத்தில் இந்து முறைத் திருமணத்தில் மணந்தவரும் வாழ்க்கைத் துணைதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அந்தத் தயக்கத்தில் பெட்டியில் பத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பாக்கிதான் அடுத்த தடை. வீட்டை யார் பெயருக்கு மாற்றினாலும், கடைசி இரண்டு வருடத்து முனிசிபல் பாக்கியைக் கட்டி கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்கினால்தான் பதிவாகும். அதற்கும் முந்தைய பாக்கி புதிதாக வாங்குகிறவர் தலையில் விழாது என்று 2017ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்க நினைக்கிறவருக்கு இது நிம்மதி. ஆனால் எஸ்டேட்டின் மேல் அந்தக் கடன் அப்படியே இருக்கும், மாற்றத்துக்கு முன் மாநகராட்சி அதற்காகச் சொத்தைப் பிடிக்கவும் முடியும். அவ்வப்போது அறிவிக்கும் தள்ளுபடித் திட்டத்தில் பேசிப் பார்த்துவிட்டு விற்பனைக்குப் போவது நல்லது.

குடும்பம் அசையவே இல்லை என்றால்? மாஸ்டர் எக்ஸிக்யூட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது துணைவருக்கு முதலிடம், அடுத்து வாரிசு, அடுத்து கடன் கொடுத்தவர். பல வருட ரேட்ஸ் பாக்கி வரவேண்டிய மாநகராட்சியும் கடன் கொடுத்தவர் கணக்கில்தானே. பாழ் வீடுகளின் பட்டியலை எடுத்து, உரிமையாளர் இறந்துபோனவற்றைப் பிரித்து, கடன் கொடுத்தவர் என்ற முறையில் மாஸ்டரிடம் எக்ஸிக்யூட்டர் கேட்டுப் போக அவர்களுக்கு வழி இருக்கிறது. நிறைய நோட்டீஸ் ஒட்டுவதைவிட இது மெதுவான வேலை, கவுன்சிலருக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. அடுத்த வார்டுக் கூட்டத்தில் "எப்போது பலகை அடிப்பீர்கள்" என்று கேட்டபின், "இந்த வீட்டுக்கு எக்ஸிக்யூட்டர் இருக்கிறாரா, இல்லையென்றால் நீங்கள் கேட்டிருக்கிறீர்களா" என்றும் கேளுங்கள்.