பினாங்கிலிருந்து அம்மாவை அழைத்து வந்தோம்: எல்லை திறக்கும் முன் ஒரு பயணம்

கொவிட்-19 காரணமாக மூடிக் கிடந்த மலேசியா, சிங்கப்பூர் தரைவழி எல்லையை 2022 ஏப்ரல் 1 முதல் திறப்பதாக அறிவித்தார்கள். தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் வழியாகவோ, இரண்டாம் பாலமான துவாஸ் வழியாகவோ பரிசோதனை இல்லாமலே போய் வரலாம் என்றார்கள். அறிவிப்பு வந்ததிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் பினாங்கு நண்பர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டார்கள். "நீங்கதான் இப்ப போய் அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களே, எப்படி இருந்துச்சு?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். விமானத்தில் வருகிறவர்களுக்குப் புறப்படும் முன் பரிசோதனை அப்போது இன்னும் இருந்தது. வயதானவர்களை அழைத்து வர நினைத்தவர்களில் பலர் விமானத்தில்தான் வருவதாக இருந்தார்கள். அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதினேன்.

நான் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் வளர்ந்தவன், சிங்கப்பூர் நிரந்தரவாசி. என் மகள் 2020 ஜூன் மாதம் பிறந்தாள். அதற்கு முன்பே, மார்ச் 18ஆம் தேதி, மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து எல்லை மூடப்பட்டுவிட்டது. அதுவரை தினமும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்துகொண்டிருந்த எல்லை அது. பேத்தி குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது எல்லாவற்றையும் அம்மா தொலைபேசித் திரையில்தான் பார்த்தார்.

இடையில் வழியே இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்ட் 17 முதல் வேலை செய்பவர்களுக்கு ஓர் ஏற்பாடு வந்தது. வேலை பார்க்கும் நாட்டில் குறைந்தது 90 நாள் தங்கிய பிறகு விடுப்பில் ஊருக்குப் போய் வரலாம், ஆனால் தனிமைப்படுத்தல் உண்டு. வெறும் ஒரு வார விடுப்பை வைத்துக்கொண்டு தனிமை நாட்களை எங்கே கழிப்பது? மரணம், கவலைக்கிடமான நோய் போன்ற அவசரத்துக்குப் போய்வர 2021 மே 17 முதல்தான் இரு நாடுகளும் சேர்ந்து ஒரு வழி செய்தன. அதற்கு முன்பு அப்பாவின் இறுதிச் சடங்கை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்த நண்பர் எனக்கு உண்டு. பட்டர்வொர்த்காரர். அவருடைய அந்த வருத்தத்துக்கு இனி யாராலும் ஈடு செய்ய முடியாது.

2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கான சிறப்புப் பயணத் தடம் திறந்தது. தரைவழியில் ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு 1,440 பேர்தான், அதுவும் குறிப்பிட்ட பேருந்துகளில் மட்டும். டிக்கெட் வந்த வேகத்தில் தீர்ந்தது. ஆகாய வழியில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கும் இடையே விமானங்கள். ஓமிக்ரான் பரவியதும் டிசம்பர் 23 முதல் டிக்கெட் விற்பனையை நிறுத்தினார்கள். 2022 ஜனவரி 20க்குப் பிறகு மறுபடி தொடங்கியபோது இடங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அப்படிக் கிடைத்த இடத்தில்தான் பிப்ரவரிக் கடைசியில் கிளம்பினேன்.

போன கதை சுருக்கம்தான். புறப்படும் முன் ஒரு பரிசோதனை, கேஎல்ஐஏவில் இறங்கியதும் ஒரு பரிசோதனை. முன்பே பணம் கட்டிப் பதிவு செய்திருந்ததால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. தொற்று இல்லை என்று முடிவு வந்ததும் பினாங்குக்குப் புறப்பட்டுவிட்டேன். விஷயம் முழுக்க அம்மாவை அழைத்து வருவதில்தான் இருக்கிறது.

முதல் வேலை கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். எல்லை மூடிக் கிடந்த காலத்தில் அம்மாவின் கடப்பிதழ் காலாவதியாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுடையதும் பெட்டிக்குள் அப்படித்தான் கிடக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள். அப்போது 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கட்டணம் 100 ரிங்கிட், மற்றப் பெரியவர்களுக்குப் பொதுவாக 200. படத்தை அங்கேயே முகப்பில் எடுத்துவிடுவார்கள். கருநிற மேலாடை போட்டிருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அக்கா முன்னமே சொல்லிவைத்ததால் அம்மா கருநீலச் சேலையில் வந்தார். குடிநுழைவு அலுவலகத்தில் கூட்டம் நிறையத்தான். ஆனால் அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி அம்மாவைப் பார்த்ததும் "மக்சிக், டுடுக் டுலு" (அம்மா, முதல்ல உட்காருங்க) என்று முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எண் வந்ததும் அவரே வந்து கூப்பிட்டார். அன்றைக்கே கடப்பிதழ் கைக்கு வந்துவிட்டது. இந்தச் சேவையை வாயாரப் பாராட்டுவேன்.

அடுத்து சிங்கப்பூர் நுழைவு அனுமதி. நிரந்தரவாசியான எனக்கு அது தேவைப்படவில்லை. குறுகிய காலத்துக்கு வருகிற அம்மாவுக்குத் தேவைப்பட்டது. இணையத்தில் விண்ணப்பித்து, தடுப்பூசிச் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டியிருந்தது. கொவிட்-19 சிகிச்சைக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் வெள்ளி காப்புறுதியும் எடுக்க வேண்டியிருந்தது. அம்மாவின் பழைய தொலைபேசியில், மலேசியாவின் கொவிட் செயலியான மைசெஜாத்ரா ஒழுங்காக ஓடவில்லை. அக்காவின் கணக்கில் அவரைக் குடும்ப உறுப்பினராகச் சேர்த்திருந்ததால் பிழைத்தோம். ஊரில் பெற்றோர் தனியாக இருந்தவர்களுக்கு, நம்பிக்கையான ஒருவருடைய தொலைபேசியில் இப்படிச் சேர்த்து வைப்பது அப்போது உதவியது.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களை உட்காரவிடாமல் அலைய வைத்த விஷயம். பெயர்.

மலேசியத் தமிழர் பெயர்கள் கடப்பிதழில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி (மலாயில் மகன், மகள் என்பதன் சுருக்கம்), அப்புறம் அப்பா பெயர். ஓர் இணையத்தளம் அந்தச் சாய்கோட்டையே ஏற்கவில்லை. விமான டிக்கெட்டில் ஏபி என்ற எழுத்துகள் அம்மாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக வந்திருந்தன. தடுப்பூசிச் சான்றிதழில் சாய்கோடு இருந்தது. கிளினிக் கொடுத்த பரிசோதனை அறிக்கையில் அம்மாவின் அப்பா பெயரே இல்லை. எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தால் தாளுக்கொரு பெயர். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல எது நான்னு கேட்டா என்னப்பா சொல்றது?" என்றார். அந்தக் கவலை அன்று ராத்திரி அவரைத் தூங்கவிடவில்லை.

இரண்டு நாடும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏ/எல், ஏ/பி பெயர்களோடு ஆட்களைத் தினமும் எல்லையில் கடக்கவிட்டு வந்திருக்கின்றன. அப்படியிருக்க, விண்ணப்பப் படிவம் தயாரிக்கும்போது இந்தப் பெயர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு கட்டத்தில் சாய்கோடு போட இடம் விட்டிருந்தால் எத்தனையோ பெரியவர்களின் பதற்றம் தீர்ந்திருக்கும்.

எங்களுக்கு வழிகாட்டியது அந்தக் கிளினிக்கின் தாதிதான். மலேசியாவில் கிளினிக் அறிக்கை என்றால் அடையாளக் கார்டு எண்ணைத்தான் வழக்கமாகப் போடுவார்கள். எல்லையில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, கடப்பிதழ் எண்ணோ பிறந்த தேதியோ இருக்க வேண்டியிருந்தது. நான் கேட்கும் முன்பே அந்தத் தங்கச்சி, "கடப்பிதழ் கையில இருக்காண்ணே? குடுங்க, நானே பாத்து அடிக்கிறேன்" என்று வாங்கி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். அம்மாவிடம், "நம்பரும் பொறந்த தேதியும் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கும்மா, பேருக்குப் பயப்படாதீங்க" என்றும் சொன்னார். கேஎல்ஐஏவிலும் சாங்கியிலும் அவர் சொன்னபடியே நடந்தது. ஆகவே பெயரில் சாய்கோடு ஏறவில்லையென்றால் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ளபடி எழுதுங்கள். எண்ணையும் தேதியையும் மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

பரிசோதனைக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. புறப்படுவதற்கு முந்தைய 2 நாட்களுக்குள் என்று அப்போது இருந்த விதியில், சிங்கப்பூர் அதிகாரிகள் தேதியைத்தான் எண்ணினார்கள், மணியை அல்ல. எட்டாம் தேதி காலையில் எடுத்த பரிசோதனை பத்தாம் தேதி இரவு விமானத்துக்கும் செல்லுபடியானது. இது தெரியாமல் இரண்டாவது பரிசோதனைக்குக் காசு கொடுத்தவர்களை அந்தக் கிளினிக்கிலேயே பார்த்தேன்.

தாள்களை எல்லாம் லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் ஒரு கடையில் அச்சடித்தோம். கடைக்காரர் எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார் போல. எந்தத் தாளை முதலில் கேட்பார்கள் என்று அவரே வரிசைப்படுத்தி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தார். கியூஆர் குறி மங்கலாக விழுந்த தாளைத் தானே எடுத்துவிட்டு வேறு அச்சடித்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அப்போது பினாங்கிலிருந்து நேரடியாகச் சிறப்புத் தட விமானம் கிடையாது. நாங்கள் வந்த பிறகு, மார்ச் நடுவில்தான் பினாங்கையும் சேர்த்தார்கள். அதனால் கேஎல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. பழைய பெரிய பெர்ரியில் ஏறி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போகலாம் என்று அம்மா ஆசைப்பட்டார். பயணிகளுக்கான அந்தச் சேவை 2020 கடைசியோடு நின்றுபோனது அவருக்கு நினைவில் இல்லை. வேகப்படகில் போனோம். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் எனும் விரைவு ரயில், கேஎல் சென்ட்ரல் வர நான்கு மணி நேரத்துக்கு மேல். ரயில் சுத்தம், குளிர் மட்டும் அதிகம், பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சின்னம்மா வீட்டில் தங்கினோம்.

கேஎல்ஐஏவில் பயணப் பதிவு முகப்பில் ஆவணங்களைப் பார்க்கவே தனியாக ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். கடப்பிதழ், நுழைவு அனுமதிக் கடிதம், தடுப்பூசிச் சான்றிதழின் கியூஆர் குறி, பரிசோதனை அறிக்கை, காப்புறுதி, சிங்கப்பூர் வருகை அட்டை. கடைக்காரர் அடுக்கிக் கொடுத்த வரிசையும் கிட்டத்தட்ட இதுதான். எங்களுக்கு முன்னால் தனியாக வந்த ஒரு தமிழ்ப் பாட்டி. வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை. முகப்பில் இருந்த பெண் "தாக் அப்பா, நெனெக்" (பரவாயில்லை, பாட்டி) என்று சொல்லி, பாட்டியின் தொலைபேசியை வாங்கி, மகன் வீட்டு முகவரியை மகனிடமே கேட்டு, முழுதையும் தானே நிரப்பிக் கொடுத்தார். வரிசையில் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. விதிகளைத் தளத்தில் போட்டாயிற்று, படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டால் அந்தப் பாட்டி அன்றைக்கு விமானம் ஏறியிருக்க முடியாது. வயதானவர்களுக்கு முகப்பில் ஓர் ஆள் வேண்டும், முடிந்தால் தமிழ் பேசும் ஆள். இதை நான் இரு நாட்டு அதிகாரிகளுக்கும் கேட்கும்படி சொல்ல ஆசைப்படுகிறேன்.

சாங்கியில் குடிநுழைவு சீக்கிரம் முடிந்தது. பிப்ரவரி கடைசியில் விதி மாறியிருந்ததால் விமான நிலையத்தில் பிசிஆர் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை நிலையத்துக்குப் போய்க் கண்காணிப்பில் ஏஆர்டி எனும் விரைவுப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. நாமே மூக்கில் குச்சியை விட்டுத் துடைக்க வேண்டும், ஊழியர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அம்மாவின் கை நடுங்கியது. "இன்னும் கொஞ்சம் உள்ளம்மா, அஞ்சு தடவை சுத்துங்க, நான் எண்றேன்" என்று அந்தத் தமிழ்ப் பிள்ளை தமிழிலேயே எண்ணினார். அம்மா அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே செய்து முடித்தார்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். பரிசோதனைகள், காப்புறுதி, சிறப்புத் தட டிக்கெட், ரயில் எல்லாம் சேர்ந்தால் சாதாரண நாளில் பினாங்கு போய் வரும் செலவைப் போலப் பல மடங்கு. எனக்கு எப்படியோ முடிந்தது. கப்பல் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு முடியவில்லை, அவர்கள் இரண்டு வருடமாகக் காத்திருந்தார்கள். தொற்றைத் தடுக்க விதிகள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பணம் உள்ளவர்களின் அம்மா முதலிலும் இல்லாதவர்களின் அம்மா கடைசியிலும் என்று ஆனது சரியில்லை. கடற்பாலம் திறப்பதை நான் அவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்தது அதனால்தான்.

2022 ஏப்ரலில் தரைவழியாகப் போகிறவர்கள் மறக்கக்கூடாதவையாக இருந்தவை: மலேசியாவுக்குள் போகும் முன் மைசெஜாத்ராவில் பயணிகளுக்கான படிவம், சிங்கப்பூருக்குத் திரும்பும்போது வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டை, தடுப்பூசிக் குறியின் அச்சுப் பிரதி, காலாவதியாகாத கடப்பிதழ்.

அம்மா அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டுக்குப் பினாங்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அந்த முறை பேருந்தில் ஜோகூர் பாரு போய், அங்குள்ள லார்க்கின் பேருந்து நிலையத்தில் அக்கா வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஜோகூர் பாரு சோதனைச் சாவடியில் அதிக தூரம் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி தருகிறார்களா, யாரிடம் கேட்க வேண்டும் என்று அண்மையில் விசாரித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்களைப் போல இன்னும் நிறையப் பேர் அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள்.