அழுதையா, புல்மேடா? சபரிமலைக் காட்டில் ஒரு பகல் நடை

எருமேலியிலிருந்து சபரிமலைக்குச் செல்லும் பெரிய பாதை முழுவதையும் நடக்க நாள் போதாத சாமிமார்களுக்கு, ஒரே பகலில் நடக்கக்கூடிய காட்டுவழிகள் இரண்டு உண்டு. ஒன்று, அழுதா நதிக்கரையில் தொடங்கி, கரிமலையை ஏறி இறங்கிப் பம்பையை அடையும் பெரிய பாதையின் பிற்பகுதி. சுமார் 18 கி.மீ. மற்றொன்று, வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாகச் சன்னிதானத்துக்கே நேராக இறங்கும் பாதை. சுமார் 12 கி.மீ. கம்பம், குமுளி வழியாக வரும் தமிழ்நாட்டுக் குழுக்கள் பல இரண்டாவதையே நாடுகின்றன. இரண்டிலும் இருமுடி சுமந்து நடந்தவன் என்ற முறையில், தூரத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது என்றே சொல்வேன்.

அழுதைப் பாதையில் நடையும் வழிபாடும் வெவ்வேறல்ல. அழுதையில் மூழ்கி எழும் கன்னிசாமி, அதாவது முதல்முறை மலைக்கு வருபவர், ஆற்றின் அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் துணியில் முடிந்துகொள்கிறார். செங்குத்தான ஏற்றத்துக்குப் பின் கல்லிடும் குன்றில், ஐயப்பன் வதம் செய்த அரக்கி மகிஷியின் உடலைக் கற்களால் மூடியதாகச் சொல்லப்படும் இடத்தில், அதைப் போடுகிறார். ஈரம் காயாத அந்தச் சிறு கல்லை ஏற்றம் முழுவதும் இடுப்பில் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்த பையன் ஒருவனை எங்கள் குழுவில் பார்த்திருக்கிறேன். அவனுக்குக் களைப்பே தெரியவில்லை. அதன்பின் இஞ்சிப்பாறைக்கோட்டை, முக்குழி என்று வழி நீண்டு, கரிமலையில்தான் உடம்பின் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறதென்றால், இறக்கத்தில் வேர்களும் உருளும் கற்களும் வெறுங்காலைப் பதம் பார்க்கின்றன. தலையிலுள்ள இருமுடியை ஒரு கையால் பிடித்தபடி, மறுகைக்குப் பிடிமானம் தேடித்தான் இறங்க வேண்டும். பெரியானை வட்டம், சிறியானை வட்டம் கடந்து பம்பையை அடைந்தாலும் நடை முடிந்துவிடுவதில்லை. நீலிமலை, அப்பாச்சிமேடு, சபரிபீடம், சரங்குத்தி என்று இன்னும் சுமார் 5 கி.மீ. இருப்பதால், பம்பையில் நீராடி, விரி (தற்காலிகத் தங்குமிடம்) வைத்துப் படுத்து, மறுநாள் மலையேறுவதே நல்லது.

புல்மேட்டின் அழகு வேறு வகையானது. மரநிழலில் தொடங்கும் பாதை, பிறகு திறந்த புல்வெளி மலைகளின் மேல் செல்கிறது. பனிமூட்டம் விலகும் நேரத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை. ஆனால் வானம் தெளிந்துவிட்டால் அங்கே வெயிலுக்கு ஒதுங்க நிழல் கிடையாது. மழை பெய்திருந்தால் அட்டைகள் காலில் ஏறும் என்பதால், ஒரு சிறு துணியில் உப்பை முடிந்து எடுத்துப் போவது பழக்கம். கடைசிப் பகுதி காட்டுக்குள் விடாமல் இறங்கும் பாதை. மூச்சு வாங்காது, உண்மைதான். ஆனால் உடல் எடை முழுவதும் முழங்காலிலும் கட்டைவிரல் நுனியிலும் இறங்குகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் தூரம் குறைவு என்று சொல்லி இவ்வழியே அழைத்து வருவது தவறு என்று உறுதியாக நம்புகிறேன்.

புல்மேட்டு வழியில் சன்னிதானத்துக்கு மேலிருந்து வருகிறோம். ஆகவே பம்பை நீராடல் இல்லை, நீலிமலை இல்லை, கன்னிசாமி சரம் (அம்பு) குத்தும் சரங்குத்தியும் வழியில் இல்லை. உரல்குழித் தீர்த்தத்தில் நீராடலாம் என்பது ஓர் ஆறுதல். குளிர்ந்த அந்த நீர், இறங்கி வந்த கால்களுக்கு மருந்து போன்றது. பலமுறை மலைக்குப் போன குருசாமிகளுக்கு இந்த இடங்கள் விட்டுப்போவது குறையாகத் தோன்றாமல் இருக்கலாம்.

புறப்படும் நேரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. பெரியார் புலிகள் காப்பகத்துக் காடு என்பதால் வனத்துறையினர் குறிப்பிட்ட பகல் நேரத்தில் மட்டுமே உள்ளே விடுவார்கள். காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும். மகரஜோதி நாளில் மட்டும் புல்மேட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2011 ஜனவரி 14 அன்று இரவு, ஜோதி தரிசனம் முடித்துத் திரும்பிய கூட்டத்தின் நெரிசலில் 100-க்கும் மேற்பட்ட பக்தர்கள் அங்கே உயிரிழந்தார்கள்; அவர்களில் தமிழ்நாட்டினரும் பலர்.

கூட்டம் குறைந்த நாளில், முழங்கால் உறுதியான பழைய சாமிமார்கள் மட்டுமே போவதானால், நானும் சத்திரம் வழியாகவே கிளம்புவேன். குழுவில் ஒரே ஒரு கன்னிசாமி இருந்தாலும், மறுயோசனையின்றி வண்டியை எருமேலிப் பக்கம் விடச் சொல்லி, அழுதைக் கரையில் இறங்கிக்கொள்வேன்.