ஸ்க்ரமா, கான்பனா: மென்பொருளுக்கு வெளியே எது பொருந்தும்?

ஸ்க்ரம், கான்பன் இரண்டும் ஒரு குழு தன் வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறைகள். இவ்விரண்டின் வேர்களும் மென்பொருளில் இல்லை. கான்பன் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தது, ஸ்க்ரம் என்னும் பெயரோ ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்களின் புதுப்பொருள் உருவாக்கக் குழுக்களைப் பற்றித் தாக்கேயுச்சியும் நோனாக்காவும் 1986இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது.

ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரிண்ட் (முன்பே திட்டமிட்ட வேலையை முடிக்கும் ஒரு சுற்று), அன்றாடம் 15 நிமிடக் கூட்டம், இறுதியில் மீள்பார்வை என்னும் ஸ்க்ரமின் ஒழுங்கு, இலக்கும் கெடுவும் முன்பே தெளிவாக உள்ள மாத இதழின் ஆசிரியர் குழுவுக்கு நன்கு பொருந்தும். கணக்குப் பிரிவிலோ பராமரிப்புப் பிரிவிலோ வேலை எந்நேரமும் வந்துகொண்டே இருப்பதால் அந்தத் திட்டம் விரைவில் குலைந்துவிடும். அங்கே, வேலைகளை அட்டைகளில் எழுதிப் பலகையில் நிலைவாரியாக நகர்த்தும் கான்பனே மேல். ஆனால் பலகையில் அட்டை ஒட்டினால் மட்டும் அது கான்பன் ஆகிவிடாது. ஒரே நேரத்தில் கையிலிருக்கும் வேலைகளுக்கு உச்சவரம்பு வைத்து, அது நிரம்பியதும் புதியதை ஏற்க மறுக்க வேண்டும். மேலாளரே அவ்வரம்பை மீறும் அலுவலகத்துக்கு நான் கான்பனைப் பரிந்துரைக்க மாட்டேன்.