செர்ரி நீலமும் சிவப்பும்

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் உருவாக்கிய எம்எக்ஸ் வகை ஸ்விட்சுகள் கணினி விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருந்து அழுத்தத்தைப் பதிவு செய்பவை; அவற்றில் நீலமும் சிவப்பும் நேரெதிர் குணம் கொண்டவை. இரண்டிலும் விசை 4 மில்லிமீட்டர் வரை கீழிறங்கும் என்றாலும், விரலுக்கும் காதுக்கும் அவை தரும் அனுபவம் ஒன்றல்ல.

நீலத்தின் தண்டு, அதாவது விசையோடு சேர்ந்து கீழிறங்கும் பகுதி, இரண்டு துண்டுகளால் ஆனது. விசையை அழுத்தும்போது முதலில் ஒரு தடை தென்பட்டு, அதைக் கடந்ததும் தண்டைச் சுற்றியுள்ள வெள்ளைத் துண்டு சட்டெனக் கீழே பாய்ந்து மோதுவதால்தான் ‘கிளிக்’ என்ற கூரிய ஒலி பிறக்கிறது. எழுத்து பதிவாகும் இடமும் ஏறத்தாழ அதுவே என்பதால், விசையை அடிவரை அழுத்த வேண்டிய தேவை இல்லை. ஆனால் அதே எழுத்தை மறுபடி தட்டுவதற்கு, பதிவான இடத்தைவிடச் சற்று மேலே வரை விசையை எழவிட வேண்டும். விளையாட்டுகளில் ஒரே விசையை அடுத்தடுத்துத் தட்டுபவர்களுக்கு இது இடைஞ்சல்.

சிவப்பில் தடையும் இல்லை, கிளிக்கும் இல்லை. சுருள்வில்லின் எதிர்ப்பு மட்டுமே சீராகக் கூடிக்கொண்டு வர, 2 மில்லிமீட்டர் ஆழத்தில் எழுத்து பதிவாகிவிடும். அதை ஓசையற்றது என்று சொல்வது முழு உண்மையன்று: விசை அடியில் முட்டும் ‘தொக்’ ஒலி அதிலும் உண்டு. நீண்ட கட்டுரைகளைத் தட்டுவதற்கு நான் நீலத்தையே எடுப்பேன், பக்கத்து மேசையில் எவரும் இல்லாதபோது மட்டும்.